இல்லாதவரின் சாட்சி

ஒருவர் மூச்சு நிற்கும் அந்த நொடியில் அவருடைய வீடு யாருடையது?

காரியம் முடியவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கவில்லை. பீரோ சாவி எங்கே இருக்கிறது என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்த வீடு ஒரு கணம்கூட ஆளில்லாமல் நிற்பதில்லை. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துவின் சுயசம்பாத்தியச் சொத்து, அவர் மூச்சு நின்ற கணத்திலேயே வாரிசுகளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நொடி வரை அவர்களிடம் இருந்தது வெறும் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்கிறது 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். ‘அப்பா காலத்துக்குப் பிறகு எனக்கு வரப்போகும் பங்கை இப்போதே உனக்குக் கொடுக்கிறேன்’ என்று மகன் எழுதித் தரும் பத்திரத்துக்கு, அப்பா உயிரோடு இருக்கும்வரை காகித மதிப்புத்தான்.

அப்படியானால் அந்தக் கணம் எது என்பது முக்கியமாகிறது. அப்பாவும் திருமணமாகாத மகனும் போன கார் விபத்துக்குள்ளாகிறது, இருவரும் இறந்துவிடுகிறார்கள், யார் முதலில் என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் அம்மாவும் ஒரு மகளும். இந்த இடத்தில் 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 21 ஆவது பிரிவில், ஓர் ஊகத்தைக் கையில் எடுக்கிறது: வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, வயதில் இளையவர் மூத்தவருக்குப் பின்னால்தான் இறந்தார் என்று வைத்துக்கொள். ஆக, அப்பாவின் சொத்து முதலில் மனைவி, மகன், மகள் என மூன்று சம பங்காகப் பிரிகிறது. அடுத்த கணம் மகன் இறக்கிறான். அவனுடைய பங்கு அவன் அம்மாவுக்குப் போகிறது. கடைசிக் கணக்கில் அம்மாவுக்கு மூன்றில் இரண்டு, மகளுக்கு மூன்றில் ஒன்று. மகன் முதலில் இறந்ததாக வைத்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் சரிபாதி. யாரும் பார்க்காத, எந்தக் கடிகாரமும் பதியாத ஒரு நொடி, சொத்தில் ஆறில் ஒரு பங்கை இடம் மாற்றிவிடுகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையும் இந்தக் கணக்கில் உண்டு. அப்பா இறக்கும்போது கருவில் இருந்து, பிறகு உயிரோடு பிறந்தால், அப்பா இறப்பதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு.

உயில் இருந்துவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. கிரயப் பத்திரத்தில் சந்தேகம் வந்தால், பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவரையே கோர்ட்டுக்கு வரவழைத்துக் கேட்கலாம். உயிலில் அதற்கு வழியே கிடையாது. எழுதியவர் இருக்கும்வரை உயிலுக்கு உயிர் இல்லை. அதற்கு உயிர் வரும்போது அவர் இருப்பதில்லை. ‘இது நான் எழுதியதுதானா, தெரிந்துதான் எழுதினேனா’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்தச் சங்கடத்தை உச்ச நீதிமன்றம் 1959 இல் வெங்கடாசல அய்யங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் எடுத்துப் பேசியது. உயில் வழக்குகளில் இன்றும் வக்கீல்கள் முதலில் புரட்டும் தீர்ப்பு அதுதான். புரொபேட் என்று நாம் சொல்வது, அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் சான்றளிப்பது, கூண்டுக்கு வர முடியாத அந்த ஆளைச் சுற்றிவளைத்துப் பேச வைக்கும் ஏற்பாடு.

இவ்வளவு கனமான ஆவணத்துக்கு வெளியில் இருக்கும் எளிமையைப் பாருங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாலும் உயில் உயில்தான். ஒரு ஏக்கர் நிலத்தை விற்க முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், போட்டோ, கைரேகை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பகல் போய்விடும். நூறு ஏக்கரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடலாம்.

1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரியவேண்டியதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சாட்சியும், உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துத்தான்’ என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே தானும் கையெழுத்துப் போட வேண்டும்.

படிக்கச் சுலபமாக இருக்கும் இந்த வரியில்தான் பல உயில்கள் வழுக்கி விழுகின்றன. கூண்டில் சாட்சி நிற்கிறார் என்று வையுங்கள். விசாரணை இப்படிப் போகும்:

“அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் பார்த்தீர்களா?”

“பார்த்தேனுங்க. திண்ணையில உக்காந்துதான் போட்டாரு.”

“நீங்கள் போட்டதை அவர் பார்த்தாரா?”

“அவரு மாத்திரை போடணும்னு உள்ள போயிட்டாருங்க. அப்புறந்தான் நான் போட்டேன்.”

உயில் அந்த இடத்தில் ஆட்டம் கண்டுவிடும். சாட்சி பொய் சொல்லவில்லை, யாரும் மோசடி செய்யவில்லை, உயில் எழுதிய கிழவரின் விருப்பமும் அதுதான். இருந்தும் சட்டம் கேட்ட ஒரு பார்வை அங்கே நடக்கவில்லை. சாட்சி விஷயத்தில் இன்னொன்று: தொண்டு கிழவர்கள் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கம் எனக்குப் பிடிபடாத ஒன்று. பெரிய மனிதர் என்ற மரியாதை சரிதான். உயில் எழுதியவர் இறந்து, வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தப் பெரிய மனிதர் இருக்க வேண்டுமே! சாட்சிகளில் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரித்தாக வேண்டும் என்பது 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பதிவான பத்திரங்களுக்கு அந்த விதியில் சலுகை உண்டு. உயிலுக்கு மட்டும் இல்லை. ‘ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, இனி யாரும் அசைக்க முடியாது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முப்பது ஆண்டு பழைய ஆவணம் என்றால் அதிலுள்ள கையெழுத்து உண்மையென்று கோர்ட் ஊகிக்கலாம் என்ற வசதிகூட உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இரண்டு சாட்சிகளும் இறந்துவிட்டால் அப்போதும் வழி உண்டு. ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது, உயில் எழுதியவரின் கையெழுத்தோடு சேர்த்து, அவற்றை அறிந்தவர்கள் மூலம் நிரூபிக்கலாம். ஆவண நிபுணரின் பூதக்கண்ணாடிக்கு வேலை வரும் இடங்களில் இதுவும் ஒன்று.

கையெழுத்தைப் பற்றிய ஓர் உண்மை முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஒரே மனிதர் போட்ட இரண்டு கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. சுழி கொஞ்சம் பெருக்கும், கடைசிக் கோடு கொஞ்சம் நீளும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும்போது மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் சந்தேகம். ஒன்றைக் கீழே வைத்து மற்றொன்றை நகல் எடுத்திருக்கிறார்கள். வயோதிகத்தில் நடுங்கும் கையும், பயந்து போலிக் கையெழுத்துப் போடும் கையும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், உருப்பெருக்கிக்குக் கீழே வேறு வேறு. நடுங்கும் கைக்குத் தான் போகவேண்டிய திசை தெரியும். கோடு அதிர்ந்தாலும் பழகிய தடத்தில் ஓடும். போலி எழுதுபவர் எழுதுவதில்லை, வரைகிறார். அதனால் பேனா வேண்டாத இடத்தில் தயங்குகிறது, வேண்டாத இடத்தில் தாளைவிட்டு எழும்புகிறது, அழுத்தம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனத்தில் இருக்கிறது. இருந்தாலும் இது கருத்துத்தான், முடிந்த முடிவு அல்ல. இரு தரப்பும் ஆளுக்கொரு நிபுணரைக் கொண்டுவந்து நிறுத்துவது கோர்ட்டில் அன்றாடக் காட்சி. நீதிமன்றங்கள் நிபுணர் அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்கத் தயங்குவதும் இதனால்தான்.

கைரேகை இன்னும் உறுதியானது. ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக்குத் துணையாக உள்ளங்கைப் பதிவை 1858 இல் வாங்கிப் பார்த்தவர் வங்காளத்தில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1897 இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. ஆனால் பெருவிரல் பதிவு சொல்வது விரல் யாருடையது என்பதை மட்டும். அந்த விரலை மை மீது வைத்தவர் அவரே மனமறிந்து வைத்தாரா, வேறொருவர் பிடித்து அழுத்தினாரா என்று ரேகைக்குத் தெரியாது.

ஆக, கடைசியில் மனசுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. உயில் எழுதும்போது அவருக்குத் தெளிவு இருந்ததா?

இதற்கு இன்றும் பல நாடுகளின் நீதிபதிகள் திரும்பிப் பார்ப்பது 1870 இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கை. ஜான் பேங்க்ஸ் என்பவருக்குச் சித்தப்பிரமை. எப்போதோ இறந்துபோன ஒருவர் தன்னைத் துரத்துவதாகவும், தீய ஆவிகள் தன்னை வதைப்பதாகவும் நம்பினார். அவர் தன் சகோதரியின் மகளுக்குச் சொத்தை எழுதி வைத்தார். பைத்தியக்காரர் எழுதிய உயில் செல்லுமா? செல்லும் என்றது நீதிமன்றம். துரத்தும் ஆவிக்கும் சொத்தைப் பங்கிட்ட விதத்துக்கும் தொடர்பில்லை. கேட்கவேண்டியவை வேறு: தான் செய்வது உயில் என்று அவருக்குப் புரிந்ததா? தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்ததா? யார் யார் தன்னிடம் எதிர்பார்க்க உரிமையுள்ளவர்கள் என்று நினைவிருந்ததா? அவர்களிடமிருந்து மனதைத் திருப்பிவிடும் பிரமை ஏதும் அந்த முடிவில் புகுந்ததா?

மறதி நோயைப் பற்றி மருத்துவம் பின்னாளில் கண்டறிந்தவற்றோடு இந்தப் பழைய கேள்விகள் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. மறதி நோயின் தொடக்கத்தில் முதலில் தேய்வது அண்மை நினைவு. காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியாத பெரியவருக்கு, நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கிய நிலத்தின் சர்வே எண் மனப்பாடமாக இருக்கும். சில வகை நோய்களில் தெளிவு வந்து வந்து போகும். காலையில் இருப்பவர் மாலையில் இருக்கமாட்டார். மனநிலை பிறழ்ந்தவர்கூடத் தெளிந்திருக்கும் இடைவெளியில் உயில் எழுதலாம் என்று நம் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59 ஆவது பிரிவும் சொல்கிறது. எனவே நோயின் பெயரைச் சொல்லி உயிலைத் தள்ளிவிட முடியாது. அந்தத் தேதியில், அந்த வேளையில் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் கேள்வி. அன்றைய தேதியிட்ட மருத்துவரின் குறிப்பு ஒன்று, பின்னால் பத்து உறவினர்கள் வந்து சொல்லும் சாட்சியத்தைவிடக் கனமாக நிற்கும்.

இனி, சென்னைக்காரர்கள் பலருக்கே தெரியாத ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாலையில் வரையப்படாத கோடு அது. இந்துக்கள் எழுதும் உயிலுக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள் 2025 டிசம்பர் வரை புரொபேட் கட்டாயமாக இருந்தது. எல்லையைத் தாண்டினால் தேவைப்படவில்லை. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரில் உட்கார்ந்து தஞ்சாவூர் வீட்டுக்கு உயில் எழுதினால், பிள்ளை அதை வைத்துக்கொண்டு நேராகப் பட்டா மாற்றத்துக்குப் போக முடிந்தது. அதே வீட்டுக்கு மயிலாப்பூரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் எழுதி, மயிலாப்பூர் வீட்டையும் அதில் சேர்த்திருந்தால் அந்த வீட்டுக்காக ஏற வேண்டியிருந்தது. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002 இல் விலக்குக் கிடைத்தது.

கோட்டின் வேர் கும்பினி ஆட்சியில் இருக்கிறது. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றும் ஆங்கிலச் சட்டம் நேரடியாக ஆண்ட நகரங்கள். 1862 இல் உயர் நீதிமன்றங்கள் வந்தபோது அந்த நகர எல்லைகளும் அவற்றோடு வந்தன. பிறகு இந்து உயில் சட்டம் 1870 செப்டம்பர் 1 முதல் வங்காள மாகாணத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் விதி செய்தது. பேரரசு போனது, மாகாணங்கள் போயின, நகரத்தின் பெயரே மாறியது. கோடு மட்டும் அசையவில்லை. 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213 ஆவது பிரிவை நீக்கி, இந்தக் கட்டாயத்தை எடுத்தது. தாமதமான நல்ல காரியம் என்பேன். ஒரே மாநிலத்தில், ஒரே மதத்தவர் இருவருக்கு, உட்கார்ந்து எழுதிய நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்து வேறு வேறு சட்டம் என்பதற்கு எந்த நியாயமும் இருக்கவில்லை.

கட்டாயம் போனாலும் புரொபேட் போகவில்லை, வேண்டுபவர் வாங்கலாம். தகராறு வரும் என்று தெரிந்த குடும்பத்தில் வாங்குவதே நல்லது. சாதாரணத் தீர்ப்பு வழக்காடிய இருவரைத்தான் கட்டும். உயில் மெய்யானது என்று புரொபேட் சொல்லிவிட்டால், அது ரத்தாகாதவரை உலகத்துக்கே சொன்னதாகும். இறந்தவரின் எல்லாக் கடனாளிகளையும் அது கட்டும். அதை நம்பி எக்ஸிக்யூட்டரிடம், அதாவது உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரிடம், பணம் கொடுத்தவருக்கும் பாதுகாப்பு. இறந்து ஏழு நாள் முழுதாகக் கழியும் முன் அதை வழங்கக்கூடாது என்பது சட்டம். மனுவோடு மூல உயில், இறப்புச் சான்றிதழ், சாட்சியின் பிரமாணப் பத்திரம், சொத்துப் பட்டியல் எல்லாம் போகும். உறவினருக்கு நோட்டீஸ், பத்திரிகையில் விளம்பரம். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும், ஆண்டுகள் உருளும். யாரும் எதிர்க்காவிட்டால் ஒரு நாள் முத்திரை குத்திய தாள் கைக்கு வரும். அன்று ஒரு விந்தை நடக்கிறது: அந்த ஆணை வெளியான தேதியிலிருந்து அல்ல, இறந்த நாளிலிருந்தே உயிலை நிலைநிறுத்துகிறது. நடுவில் எக்ஸிக்யூட்டர் என்ற முறையில் அவர் செய்த காரியங்களும் பின்தேதியிட்டுச் செல்லுபடியாகின்றன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உயில் மெய்யா என்பதைத்தான் புரொபேட் நீதிமன்றம் பார்க்கிறது. அதில் எழுதிய வீடு உண்மையில் இறந்தவருடையதா என்று பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுத் தோட்டத்தை ஒருவர் உயிலில் எழுதிவைத்தாலும் புரொபேட் கிடைக்கும், தோட்டம் கிடைக்காது.

எக்ஸிக்யூட்டர் ஆகிவிட்டால் முதலில் சொத்தைப் பிரிக்கத் தோன்றும். சட்டம் அதைக் கடைசியில் வைத்திருக்கிறது. 1925 ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 320 முதல் 325 வரை உள்ள பிரிவுகள். இறந்தவர் பணத்திலிருந்து முதலில் எடுக்க வேண்டியது இறுதிச் சடங்குச் செலவு, அவருடைய நிலைக்குத் தக்க நியாயமான அளவில். கூடவே மரணப் படுக்கைச் செலவு, அதாவது மருத்துவருக்கான கட்டணமும் கடைசி ஒரு மாதம் தங்கிய, சாப்பிட்ட செலவும். அடுத்து புரொபேட் வாங்கிய செலவு. மூன்றாவதாக வங்கியும் இல்லை, வட்டிக்காரரும் இல்லை. இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் அவருக்கு வேலை செய்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலைக்காரரின் சம்பள பாக்கி. சமையல்கார அம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட சம்பளம் லட்ச லட்சமாகக் கடன் கொடுத்தவருக்கு முன்னால் நிற்கிறது. அதற்குப் பிறகே மற்றக் கடன்கள். எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் உயிலில் பெயர் எழுதப்பட்டவர்களுக்கு. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் வரவு செலவுக் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும்.

கடன் சொத்தைவிடப் பெரிதாக இருந்தால்? வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டைக் காட்டி, புதிய கடன்களுக்காக மகனைப் பிடிக்க முடியாது என்று 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவு கட்டிவிட்டது.

உயில் இல்லாவிட்டால் பேச்சைச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. இறந்த ஆணின் அம்மா முதல் வகுப்பு வாரிசு, மனைவி மக்களோடு சம பங்கு. அப்பா இரண்டாம் வகுப்பு. பெண் இறந்தால் வேறு வரிசை. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. கணவர், பிள்ளைகள் இல்லை. பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். சட்டத்தின் ஏணியில் படிப்படியாக இறங்கி, 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய சகோதரரின் பிள்ளைகள் இருவரையும் வாரிசுகளாக அறிவித்தது. கோடிக்கணக்கானவர்கள் பெயர் சொல்லி வணங்கியவர் தன் வீட்டைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்று கேட்க, ஒரு துண்டுத் தாள் இல்லை.

நாமினி போட்டிருக்கிறேனே, அது போதாதா என்பவர்களுக்கு: போதாது. நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கைதான். ஆயுள் காப்பீட்டுப் பணத்தைப் பற்றி 1984 இலும், பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015 இல் விதி மாறியது. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பரிலிருந்து நான்கு நாமினிகள் வரை போடலாம். நால்வர் வந்தாலும் வாரிசு யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

உயில் என்று பேச்செடுத்தாலே ‘நல்ல நாளும் அதுவுமா ஏன் இந்தப் பேச்சு’ என்று வீட்டில் வாயை அடைப்பார்கள். அடைக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். உங்களைவிடப் பதினைந்து, இருபது வயது இளைய இருவரைச் சாட்சிக்குப் பிடியுங்கள்; சொத்தில் பங்கு பெறுபவர்கள் வேண்டாம். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, கடைசிக் கையெழுத்து விழும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள். எழுபதைத் தாண்டியிருந்தால் அன்றே ஒரு மருத்துவரிடம் குறிப்பு வாங்கி இணையுங்கள். பெற்ற பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கவில்லை என்றால், ஏன் என்று இரண்டு வரி காரணத்தை உயிலிலேயே எழுதிவிடுங்கள். கோர்ட் முதலில் தேடுவது அதைத்தான். மூல உயிலை வீட்டில் வைக்கப் பயமாக இருந்தால், மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.